தோசைக்கல்லில் சால்டரிங் செய்யலாமா?

வீட்டில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரியாமல் போகிறது. மேலே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஓர் அலுமினியத் தகடு. அதில் மஞ்சள் பொட்டு வைத்தது போல வரிசையாக எல்இடிகள். ஒன்றில் மட்டும் நடுவே ஒரு கரும்புள்ளி, கடுகு அளவுகூட இருக்காது. கதை முடிந்தது! எல்லாம் தொடர் இணைப்பில் இருப்பதால் (கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரிதான்) ஒன்று போனால் மொத்தமும் போச்சு.

செத்துப்போன அந்த ஒன்றை மாற்றிவிட்டால் பல்பு மறுபடியும் எரியும். ஆனால் 25 வாட் சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. அயனின் நுனியில் வரும் சூட்டையெல்லாம் அந்த அலுமினியத் தகடு குடித்துக்கொண்டே இருக்கும். எல்இடியின் சூட்டை இழுத்து வெளியே விடுவதற்காகவே வைத்த தகடு அது, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. இதை மேலிருந்து சூடாக்கிப் பயனில்லை, கீழிருந்து மொத்தமாகச் சூடாக்க வேண்டும். அங்கேதான் எல்லோருக்கும் சமையலறையும் தோசைக்கல்லும் ஞாபகத்துக்கு வருகின்றன.

2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் மக்கள் கைக்குப் போயின. கடைகளில் விற்றது தனி. இத்தனை பல்பும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அணையத்தானே வேண்டும்? அதனால்தான் தெருவுக்கு ஒருவர் பல்பு ரிப்பேர் செய்யக் கிளம்பியிருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் ஐடிஐ முடித்த பையனுக்கு அது ஒரு பக்க வருமானம். திருவள்ளூர் பக்கத்து பாலிடெக்னிக் மாணவனுக்குத் தேவை வேறு. கடைசி வருட புராஜெக்டுக்கு அவன் தேடும் சென்சார்களுக்கு இப்போது கால்களே கிடையாது. எம்பியூ6050 என்ற சிப் 4 மில்லிமீட்டர் சதுரம், அதில் 24 இணைப்புகள். பிஎம்இ280 இன்னும் மோசம், இரண்டரை மில்லிமீட்டர்தான். இணைப்புகள் எல்லாம் வயிற்றுக்கு அடியில். அயன் நுனி அங்கே எப்படிப் போகும்?

ஆக, இரண்டு பேருக்குமே ஒரு ஹாட் பிளேட் வேண்டும். இரண்டு பேரிடமும் அதிகம் பணம் இல்லை. மலிவாக எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் வாட்டைப் பார்க்கிறார்கள், "எவ்வளவு அதிக வாட்டோ அவ்வளவு நல்லது" என்று வாங்கிவிடுகிறார்கள். இது தலைகீழ். முதலில் பார்க்க வேண்டியது உருக்கப்போகும் சால்டரை. அடுத்தது உடம்பில் கரண்ட் ஏறாமல் இருக்குமா என்பதை. அதற்கப்புறம்தான் தட்டின் அளவு. வாட் எல்லாவற்றுக்கும் கடைசி.

சால்டர் என்ற உடனே பாட்டி வீட்டு ஈயச் சொம்பு ஞாபகம் வர வேண்டும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற எந்தப் பாட்டியும் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றமாட்டார். முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் தீ. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. தண்ணீர் இல்லாவிட்டால் 232 டிகிரியில் சொம்பு உருகி பர்னரில் ஓடிவிடும். அது வெள்ளீயம். காரீயம் என்பது வேறு உலோகம், அது உருக 327 டிகிரி வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் கலவை இரண்டுக்கும் கீழே, 183 டிகிரியிலேயே உருகுகிறது. கடைகளில் சுருளாகக் கிடைக்கும் 60/40 கம்பி 183-இல் இளகத் தொடங்கி 190-க்குள் முழுசாக நீராகிவிடும்.

காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அதற்குத் தடை போட்டது. அதன்பின் தொழிற்சாலைகள் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் கலந்த சால்டருக்கு மாறின. அது உருக 217 முதல் 220 டிகிரி வரை வேண்டும். மூன்றாவது ஒன்று உண்டு: 42 பங்கு வெள்ளீயம், 58 பங்கு பிஸ்மத். இது 138 டிகிரியிலேயே உருகும். ஒரு போர்டு ஒழுங்காகப் பிடிக்க, உருகும் புள்ளிக்கு மேலே சுமார் 30 டிகிரி வரை கொண்டுபோய் ஒரு நிமிடம் அளவுக்கு வைத்திருந்து இறக்க வேண்டும். அப்படியானால் பிஸ்மத் கலவைக்கு 170 போதும், காரீயக் கலவைக்கு 215, காரீயம் இல்லாததற்கு 245. மறுபக்கம், பெரும்பாலான சிப்புகள் தாங்கும் உச்சம் 260 டிகிரிதான். அதுவும் சில விநாடிகள்தான்.

இந்த மூன்று எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, தோசைக்கல்லுக்கு வருவோம். அது உருக்குமா என்றால், உருக்கும். தண்ணீர் தெளித்து 'சுர்ர்' என்று முத்துமுத்தாக ஓடும் பதத்தில் கல் 183-ஐத் தாண்டியே இருக்கும். ஆனால் அந்த 'சுர்ர்' 190-ஆ 280-ஆ என்று எந்தக் காதுக்கும் தெரியாது. தோசை கருகினால் அடுத்த தோசை ஊற்றலாம். சிப் கருகினால் ஊற்ற மாவு இல்லை. இன்னொரு சிக்கல் கல்லின் கனம். இரண்டு கிலோ இரும்பை 30 டிகிரியிலிருந்து 230-க்குக் கொண்டுபோக சுமார் 1,80,000 ஜூல் சூடு வேண்டும். அந்தச் சூடு அடுப்பை அணைத்த பிறகும் கல்லிலேயே கிடக்கும். வேகமாக ஏற்றி, ஒரு நிமிடம் நிறுத்தி, வேகமாக இறக்க வேண்டிய வேலைக்கு இத்தனை நிதானமான பாத்திரம் ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் கல்லை வைப்பது இன்னும் புத்திசாலித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குள் ஓடும் காந்தப்புலம் எந்த சிப்புக்கும் நல்லதில்லை.

இவையெல்லாம் சின்னக் காரணங்கள். பெரிய காரணம், அதே கல்லில் மறுநாள் காலை தங்கைக்கு தோசை. காரீயம் 250 டிகிரியில் ஆவியாகிப் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை, அது கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அது கையில் ஒட்டும், கல்லின் நுண்துளைகளில் தங்கும், துணியில் படியும், சோற்றோடு உள்ளே போகும். குழந்தையின் ரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளரும் வயதில் அது செய்யும் சேதம் திரும்ப வராது. "பழைய கல்தானே, தேய்த்துக் கழுவிவிட்டால் போச்சு" என்பது நடக்காத காரியம். ஒருமுறை சால்டர் பட்ட கல் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. அப்படியென்றால் அது இலவச ஹாட் பிளேட் அல்ல, ஒரு தோசைக்கல்லின் விலை.

அடுத்து, எல்லோரும் வாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் தட்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருகிறது. பார்க்க சோப்புப் பெட்டி மாதிரி, இரண்டு ஒயர் தொங்கும். உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட் வகைப் பீங்கான் வில்லை. இதன் குணம் அழகானது: குறிப்பிட்ட சூடு வந்ததும் அதன் மின்தடை திடீரென்று எகிறும், கரண்ட் குறையும், சூடு அங்கேயே நின்றுகொள்ளும். தெர்மோஸ்டாட்டும் வேண்டாம், சர்க்யூட்டும் வேண்டாம். சரிதான், ஆனால் எந்தச் சூட்டில் நிற்கும் என்பது அது பிறக்கும்போதே முடிவான விஷயம். 260 டிகிரி தட்டு வாங்கினால் ஆயுசுக்கும் 260தான். 183-இல் உருகும் சால்டருக்கு அது அதிகம். பல்பு ரிப்பேரில் சில விநாடிகள் வைத்து எடுத்துவிடுவதால் தப்பித்துக்கொள்ளலாம். சென்சார் சிப்புக்கு அது எல்லைக்கோட்டின் மேலேயே நடப்பது.

சூட்டைக்கூட மன்னித்துவிடலாம். அந்த இரண்டு ஒயரை மன்னிக்கக் கூடாது. பீங்கான் வில்லைக்கும் வெளியே உள்ள அலுமினியக் கூட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய பழுப்பு நிறப் படலம், அவ்வளவுதான். அது கிழிந்தாலோ ஓரத்தில் நகர்ந்தாலோ தட்டு முழுக்க 230 வோல்ட். எர்த் ஒயர் இல்லாததால் ஃபியூஸும் போகாது, எம்சிபியும் விழாது. தட்டு சும்மா அங்கே உட்கார்ந்திருக்கும், ட்வீசரோடு ஒரு கை வரும்வரை. மழைக்காலத்தில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்பவரின் கையாக அது இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பல்பு ரிப்பேர் வீடியோக்களில் இந்தத் தட்டை வெறும் டேபிள் மேல் வைத்து, தொங்கும் ஒயரைப் பிளக்கே இல்லாமல் சாக்கெட்டில் சொருகுவதை இன்றும் பார்க்கலாம். அந்த வீடியோக்களுக்கு லைக் போடுபவர்களும் இருக்கிறார்கள்!

இதைவிட வீட்டில் கிடக்கும் பழைய அயர்ன் பாக்ஸ் எவ்வளவோ மேல். சிரிக்க வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சாதாரண, நீராவி இல்லாத அயர்ன் பாக்ஸுக்கு மூன்று பின் பிளக் இருக்கிறது, அடித்தட்டு எர்த் ஆகியிருக்கிறது, தட்டு சமதளம், சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் உண்டு. ஒரு மரச்சட்டத்தில் தலைகீழாக அசையாமல் பொருத்திவிட்டால் பருத்தித் துணிக்கான சூட்டில் 60/40 சால்டர் பெரும்பாலும் உருகிவிடும். குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தாது, ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆட்டும். காரீயம் இல்லாத சால்டருக்கு அந்தச் சூடு பத்தாமலும் போகலாம். ஆனாலும் கே வகை தெர்மோகப்பிள் உள்ள ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால், பணமே இல்லாதவர் தொடங்க வேண்டிய இடம் அந்த இரண்டு ஒயர் தட்டு அல்ல, இதுதான். சட்டை தேய்க்க அது இனி உதவாது என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும் (சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவரவர் அம்மாவைப் பொறுத்தது).

சுருள் கம்பி வைத்த கரண்ட் அடுப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நேரடியாகச் செக்கச் சிவக்கும் கம்பி, எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மேலும் இந்தப் பக்கங்களில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சூடும் இறங்கும். 230-க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் அடுப்பின் பலம் மூன்றில் இரண்டு பங்குதான். நேற்று ஐந்து நிமிடத்தில் உருகியது இன்று எட்டு நிமிடம் ஆகும். கணக்கே வராது.

இதற்கு மேல் வருவன சூட்டை அளந்து, அதற்கேற்பக் கரண்டைத் திறந்து மூடும் தட்டுகள். இங்கேதான் காசு போட வேண்டும். இவற்றில் இரண்டு ரகம்.

ஒன்று, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் 10 சென்டிமீட்டர் சதுரத் தட்டு. டிஜிட்டல் டிஸ்ப்ளே, மூன்று பின் பிளக், விலை ஆயிரங்களில். வாட் கவலைக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியத்தின் எடை 270 கிராம். அதை 200 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 49,000 ஜூல். 400 வாட் இருந்தால், வீணாவதை விட்டுவிட்டால் இரண்டே நிமிடம். எனவே 800 வாட், 1,000 வாட் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்க வேண்டியதில்லை. பத்து நிமிட வேலைக்கு 400 வாட் தட்டு குடிப்பது ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான், கரண்ட் பில்லும் பிரச்சினை இல்லை. பல்பு ரிப்பேரைத் தொழிலாகச் செய்பவருக்கு இதுதான் சரியான தட்டு. இரண்டு மூன்று பல்புத் தகடுகளை ஒன்றாக வைக்க இடம் இருக்கும்.

இரண்டாவது ரகம், யூஎஸ்பி-சி சார்ஜரில் ஓடும் குட்டித் தட்டு. மினிவேர் நிறுவனத்தின் எம்ஹெச்பி30 இந்த வகையில் பெயர் எடுத்தது. தட்டின் அளவு 3 சென்டிமீட்டர் சதுரம்தான், தீப்பெட்டியைவிடச் சின்னது. இதே வடிவத்தில் கொஞ்சம் பெரிதாகவும், வேறு பெயர்களில் மலிவாகவும் வந்துவிட்டன. இவற்றின் பெருமை வேகமோ டிஸ்ப்ளேயோ அல்ல. இவற்றுக்குள் ஓடுவது 20 வோல்ட், அதற்கு மேல் இல்லை. தட்டைத் தொட்டால் விரல் சுடும், ஆனால் உயிர் போகாது. நல்ல 65 வாட் லேப்டாப் சார்ஜர் ஏற்கனவே இருந்தால் செலவு தட்டுக்கு மட்டும்தான். (சார்ஜர் மட்டும் பிளாட்பார சரக்காக இருக்கக் கூடாது. 230-க்கும் 20-க்கும் நடுவே நிற்கும் ஒரே சுவர் அதுதான்.) சென்சார் போர்டு செய்யும் மாணவனுக்கு இந்தக் குட்டித் தட்டு போதும். பல்புத் தகடு இதில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், நீட்டும் பகுதி வழியே சூடு ஓடிவிடும்.

எர்த் பற்றி இன்னொரு வார்த்தை. பிளக்கில் மூன்று பின் இருப்பதால் எர்த் இருப்பதாக ஆகிவிடாது. தொழிற்பேட்டைகளைச் சுற்றி நான்கு பேர், ஆறு பேர் சேர்ந்து தங்கும் வாடகை அறைகளில் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பது உண்டு. உள்ளே ஒயரே போயிருக்காது. வாடகைக்கு இருப்பவர் சுவரை உடைக்கவும் முடியாது. எர்த் இருக்கிறதா என்று ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் போடச் சொல்வது நல்லது. அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் கேள்விக்கே இடமில்லை: அந்த அறையில் யூஎஸ்பி தட்டு மட்டுமே, வேறு எதுவும் வேண்டாம்.

138 டிகிரி பிஸ்மத் சால்டர் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு, குறைந்த சூட்டில் வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும். புது போர்டில், புது சிப்பில், எல்லாமே காரீயம் இல்லாததாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். மாணவர் புராஜெக்டுக்கு அதுதான் நல்லது: காரீயமும் இல்லை, போர்டும் கருகாது. கீழே போட்டால் பற்று விரிசல் விடும், கொஞ்சம் நொறுங்கும் ஜாதி, அவ்வளவுதான் குறை. பழைய பல்பில் மட்டும் கூடாது. பிஸ்மத்தும் வெள்ளீயமும் காரீயமும் மூன்றும் கலந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை ஒன்று பிறக்கிறது. தண்ணீர் கொதிப்பதற்கும் கீழே! பழைய தகட்டில் காரீயம் இருந்து அதன்மேல் பிஸ்மத் பேஸ்ட் வைத்தால், பல்பு நன்றாக எரியும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். மூடிய கூட்டுக்குள் எல்இடித் தகடு 100 டிகிரியை நெருங்கும் அந்த இரவில், மாற்றிய எல்இடி தானாக நழுவும். பல்பு ரிப்பேருக்குப் பேஸ்டே தேவையில்லை. தகட்டில் ஏற்கனவே இருக்கும் சால்டர் போதும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, உருகியதும் பழையதை எடுத்துவிட்டு, கூட்டல் கழித்தல் பார்த்து அதே இடத்தில் புதியதை வைத்தால் முடிந்தது.

பேஸ்ட் வாங்குபவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதை 2 முதல் 10 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் திருவள்ளூரில் அது ஃப்ரிட்ஜ் தவிர வேறெங்கும் நடக்காது. ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் காரீய பேஸ்டா? காரீயம் இல்லாத பேஸ்டைக்கூட மூடி போட்ட தனி டப்பாவில்தான் வைக்க வேண்டும். சின்ன சிரிஞ்சாக, வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் வாங்குவது உத்தமம்.

கணக்குக்கு வருவோம். புது 9 வாட் பல்பு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வீட்டில் ஒரே ஒரு பல்பு போயிருந்தால் எந்த ஹாட் பிளேட்டும் மலிவு இல்லை, பேசாமல் புது பல்பு வாங்கிவிடலாம். பல்புக்கு 30 ரூபாய் கூலி வாங்குபவர் 1,500 ரூபாய் தட்டின் காசை எடுக்க 50 பல்பு பார்க்க வேண்டும். தெருவில் பெயர் வந்துவிட்டால் அது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு போர்டு செய்யும் மாணவன் தனியாக ஒரு தட்டு வாங்குவது வீண். நான்கு பேர் கொண்ட புராஜெக்ட் குழு ஒன்று சேர்ந்து வாங்கலாம், அடுத்த வருட ஜூனியர்களுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். உண்மையில் இதை வாங்க வேண்டியது துறைதான். பல கல்லூரி லேப்களில் இன்னும் இரட்டை வரிசைக் கால் வைத்த ஐசியும் பிரெட்போர்டும்தான். வெளியே வேலைக்குப் போனால் கண்ணில் படும் போர்டுகளில் அந்த மாதிரிக் காலே இருக்காது. ஒரு தட்டு, ஒரு ஜன்னல் ஓர மேசை, புகையை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் இருந்தால் ஒரு பேட்ச் முழுக்கப் பழகிவிடும். (ஃப்ளக்ஸில் இருக்கும் குங்கிலியப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு நிச்சயம் ஆகாது.) இருபது மாணவர்கள் இருபது வீட்டு அடுப்பங்கரையில் ரகசியமாகச் செய்வதைவிட, கேட்க ஆள் இருக்கும் ஓர் அறையில் செய்வது எவ்வளவோ மேல். இதற்கு ஆகும் செலவு ஒரு புராஜெக்ட் கண்காட்சிக்கு அடிக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் செலவோடு ஒப்பிடக்கூடியதுதான்.

தொழிற்பேட்டையில் 1,500 டிகிரிக்கு மேல் இரும்பை உருக்கி ஊற்றும் உலைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர் தலைக்கவசம், கையுறை, பூட்ஸ் இல்லாமல் பக்கத்தில் போகமாட்டார். அதே ஆள் அறைக்கு வந்ததும் லுங்கியோடு 260 டிகிரித் தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறார். சின்னதாக இருப்பதால் வரும் அலட்சியம்! இரும்பாவது சிவந்து எச்சரிக்கும். 200 டிகிரி அலுமினியமும் 30 டிகிரி அலுமினியமும் கண்ணுக்கு ஒன்றுதான். வேலை முடிந்ததும் தட்டைக் கடப்பைக்கல் மேலோ டைல்ஸ் மேலோ விட்டுவிட்டு, ஆறும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் இதற்கான இடமே இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கிறது, சென்ட்ரலிலிருந்து ரிச்சி தெரு ரொம்ப தூரமில்லை. நேரில் போனால் ஒரு லாபம். டிஸ்ப்ளேயில் வரும் எண்ணை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் அளக்கும் சென்சார் தட்டுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். மேல்பரப்பின் சூடு வேறாக இருக்கலாம். சட்டைப்பையில் கொஞ்சம் 60/40 கம்பியை எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே தட்டை மாட்டச் சொல்லி, 170-இல் வைத்து, நடுவில் ஒரு துண்டும் நான்கு மூலையில் நான்கு துண்டும் போட்டு, ஐந்து ஐந்து டிகிரியாக ஏற்றிப் பார்க்கலாம். கம்பி சுருண்டு உருண்டையாகும் நேரத்தில் டிஸ்ப்ளே என்ன காட்டுகிறது, மூலையில் உள்ளவை எவ்வளவு நேரம் கழித்து உருகுகின்றன என்று பார்த்தால் போதும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. 190-ஐ ஒட்டி உருகினால் பில் போடச் சொல்லலாம். 200 என்று காட்டினால் பத்து டிகிரி வித்தியாசம் என்று தட்டின் அடியில் மார்க்கரில் எழுதிக்கொண்டு அதையே வாங்கலாம். 240 காட்டினால், அந்தத் தெருவில் கடைகளுக்கா பஞ்சம்?